முத்துப்பேச்சி வீட்டு வாழைக் கல்யாணம்

ஆறு வருஷ காலம் என் வீட்டில் நான் எப்போது குளிப்பது என்பதைப் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிதான் தீர்மானித்தாள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கூட்ஸ் ஷெட்டில் வண்டிக்காரர்களையும் வியாபாரிகளையும் ஒரே அதட்டில் வரிசையாக நிற்கவைக்கிற குமாஸ்தா கிறிஸ்துராஜ், வீட்டுக்கு வந்தால் இடுப்பில் துண்டோடு குளியலறைச் சுவர் ஓட்டைக்கு முன்னால் குத்தவைத்து, "அக்கா, இப்பக் குளிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் செம்பைத் தொட வேண்டும். "செத்த நேரம் பொறு தம்பி. இப்பத்தான் செபஸ்தி ஏனம் கழுவுன தண்ணி வந்துச்சு. மண்ணு குடிக்கட்டும்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். மண் குடித்து முடிக்கும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குத் தெற்கே ஒரு குறுகல் சந்து, அதுதான் எங்கள் முடுக்கு. எங்கள் வீடும் இன்னும் மூன்று வீடுகளும் முத்துப்பேச்சியின் கொல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நான்கு வீட்டு அழுக்குத் தண்ணீரும் அவள் கொல்லைக்குத்தான் போகும். போகும் என்றால் அதுவாகப் போகவில்லை. அவளே களைக்கொத்தால் வாய்க்கால் வெட்டி, சுவரில் ஓட்டை போட்டுவிட்டு, எங்கள் சம்மதத்தைப் பிறகு வந்து கேட்டாள். அந்தக் காலத் திண்டுக்கல்லில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் குடத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். இவள் அழுக்குத் தண்ணீருக்குச் சண்டை போட்டாள். சவுக்காரம் கலந்தால் செடி கருகும் என்று, என் பெண்டாட்டி செபஸ்தியம்மாள் துணி துவைக்கும் நாளில் ஓட்டையைக் கல் வைத்து அடைத்துவிடுவாள். துவைத்த தண்ணீர் திரும்பி எங்கள் அடுப்படிக்கு வரும். தன் கொல்லைக்கு வருகிற தண்ணீரைப் பார்த்தே எந்த வீட்டில் கறி, எந்த வீட்டில் வெறும் ரசம் என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை, "தம்பி, ஒங்க வீட்டுல மூணு நாளா வெஞ்சனமே இல்லையே, சம்பளம் வரலையா?" என்று முடுக்கே கேட்கும்படி விசாரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று குளிக்காமலே வேலைக்குப் போனேன். குளிக்காமல் போனதற்கும் சாயங்காலம் வந்து சண்டை போட்டாள்.

அவளுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பினாங்குக்குப் போய்ச் சம்பாதித்து வருகிறேன் என்று கப்பலேறிய புருஷன் யுத்தத்துக்கு முன்னால் நாலு கடிதம் போட்டான், அதோடு சரி. அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, அவன் பேச்சை எடுக்கவும் இல்லை. புகையிலைக் கிட்டங்கியில் இலைக்கு நரம்பு கிழிக்கும் வேலை பார்த்து, தாய் தகப்பன் இல்லாத தம்பி ஒச்சப்பனை வளர்த்து ஆளாக்கினாள். கிட்டங்கியில் கூட்டித் தள்ளும் புகையிலைத் தூளை மடியில் கட்டிக்கொண்டு வந்து, ஊறவைத்து, செடிகளுக்குத் தெளிப்பாள். அந்தக் கொல்லைக்குள் போனால் மனுஷனுக்கே தும்மல் அடங்காது, பூச்சி எங்கே வரும்!

அங்கே என்ன வளர்த்தாள் என்ற கூத்தைக் கேளுங்கள். கத்தரி, வெண்டை என்று ஊர் உலகம் வளர்ப்பதை வளர்த்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவள் வளர்த்தது ஏலக்காய், காப்பிச் செடி, முருங்கை மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, மண்ணெண்ணெய் டின்னில் அன்னாசி. சிறுமலை உச்சியில் மேகம் இறங்குகிற இடத்தில் தானாக வளர்கிறதையெல்லாம் எங்கள் ஊர் வெயிலில் கொண்டுவந்து நட்டாள். ஏலக்காய் ஆறு வருஷத்தில் ஒரு காய் காய்க்கவில்லை. காப்பி பூத்தது, பூத்த கையோடு கொட்டிவிட்டது. "மலையில நிக்கிறோமா தரையில நிக்கிறோமான்னு செடிக்குத் தெரியவா போகுது? ஈரமும் நெழலும் குடுத்தா நம்பிரும்" என்பது அவள் கட்சி. எங்கள் குளியல் நேரமெல்லாம் இதற்காகத்தான். செடிகளை நம்பவைப்பதற்காக நான்கு குடும்பம் முறைவைத்துக் குளித்தோம்.

புரட்டாசி வந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வெயில் லேசாக இறங்கி, சாயங்காலம் ஒரு தூறல் விழுந்தால் போதும், கடப்பாறையோடு இறங்கிவிடுவாள். வாழைக்குப் பக்கக் கன்றுகளைப் பெயர்ப்பதும், ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் போட்டு மண் அணைப்பதும், காய்ந்த மட்டைகளை உரிப்பதுமாக ஒரே ரகளை. உரிக்கும்போது ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லித் திட்டுவாள். திட்டினால்தான் ரோஷம் வந்து வளருமாம்.

எல்லாவற்றையும்விட அவள் உயிரை வைத்திருந்தது ஒரு மலைவாழையின் மேல். சிறுமலையிலிருந்து கொண்டுவந்த மூன்று கன்றுகள் அடுத்தடுத்துச் செத்து, நாலாவது பிழைத்தது. இடுப்புப் பருமனுக்குத் தண்டு, கிழிசல் இல்லாத இலை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "தரையில இது தார் தள்ளாது ஆத்தா" என்று மலைப்பழம் விற்க வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அவளுக்குப் பிடிவாதம் ஏறியது. பதினாறு மாதம் பொறுத்தாள். 1958-ஆம் வருஷப் புரட்டாசியில் அந்த வாழை உச்சியில் ஒரு குட்டி இலையை விட்டது. "தம்பி, கண்ணாடி எல விட்டுருச்சு! இன்னும் இருவது நாள்ல பூத் தள்ளிரும்!" என்று சுவர் ஓட்டை வழியாகக் கத்தினாள். அன்று என்னை மூன்று தடவை குளிக்கச் சொன்னாள். நானும் குளித்துத் தொலைத்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பிக்குக் கல்யாணம் கூடியது.

ஒச்சப்பன் அய்யலூர் லைன் பஸ்ஸில் கண்டக்டர். நாற்பது வயது. நல்ல பையன்தான், ஆனால் எது நடந்தாலும் "ரைட், போலாம்" என்று விடுகிற சாதி. முதல் பெண்டாட்டி மாயம்மாள் பிரசவத்தில் பிள்ளையோடு போனாள். இரண்டாவது வீராயி வாந்திபேதியில் போனாள். இரண்டு பேரையும் கடைசியாகக் குளிப்பாட்டி அனுப்பியது முத்துப்பேச்சி. அவனோ இரண்டு தடவையும் மறுநாளே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஸ்டாப்பிங்கில் ஒரு ஆள் இறங்கிவிட்டால் விசில் கொடுத்துக் கிளம்புவதைப் போல. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை முடுக்கில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி வேலுசாமி தன் மகள் கண்ணம்மாளைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது, அது இது என்று தட்டிப்போனது. இங்கேதான் ஒரு சிக்கல். மூன்றாம் தாரம் தங்காது என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, கட்டிய கையோடு அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். மூன்றாவதாக வருகிறவளுக்கு வரவேண்டிய சாவு வாழைக்கு வந்துவிடும், பெண் நாலாவதாக நிம்மதியாக வருவாள். நான் வேதக்காரன். எங்கள் கோயிலில் சாமியார் இப்படியெல்லாம் விரல்விட்டு எண்ணுவதில்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம், அதற்குமுன் புரட்டாசிக் கடைசியில் வாழைச் சடங்கு என்று சோசியர் சொல்லியிருந்தார். கொல்லைக் கோடியில் இலை அறுக்க வைத்திருந்த ஒரு கிழட்டு நாட்டு வாழையை முத்துப்பேச்சி ஒதுக்கிக் கொடுத்தாள். "அது இருந்தும் ஒண்ணுதான் போயும் ஒண்ணுதான்" என்றுவிட்டுப் பொங்கல் வைக்க அடுப்படிக்குப் போனாள். ஒச்சப்பன் பட்டுக்கரை வேட்டியோடு வந்து அந்த நாட்டு வாழையைப் பார்த்தான். இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்கியது.

"என்னண்ணே இது. எம் பொண்டாட்டின்னு நாலு பேரு பாப்பாக. இந்தக் கிழிஞ்சதையா கட்டுறது? அந்தா நிக்கிறா பாருங்க லட்சணமா" என்று மலைவாழையைக் காட்டினான்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம். "ஆமா மாப்ளே, ஜோடிப் பொருத்தம் அங்கதான் இருக்கு" என்றேன். தமாஷுக்குச் சொன்னேனய்யா! அந்த மடையன் நேராக அங்கே போய் நின்றுவிட்டான். ஈசான மூலை, இன்னும் நல்லது என்று சோசியரும் தலையாட்டினார். நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு முத்துப்பேச்சி கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். அதற்குள் ஒச்சப்பன் மலைவாழைக்கு முதல் முடிச்சுப் போட்டிருந்தான். மீதி இரண்டு முடிச்சை மாப்பிள்ளையின் அக்காள் போட வேண்டும். கெட்டிமேளம் கொட்டுகிறபோது 'வேண்டாம்', 'நிறுத்து' என்று ஒரு சொல் வாயில் வரக்கூடாது, வந்தால் குடும்பத்துக்கே ஆகாது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அகப்பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு முடிச்சும் போட்டாள்.

மேளம் நின்றது. சோசியர், "அரிவாள எடுங்க" என்றார்.

எடுத்தது முத்துப்பேச்சி. எடுத்து, தரையில் போட்டு, அதன்மேல் முக்காலியைப் போட்டு, முக்காலியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். "யாரும் வெட்டப்படாது" என்றாள்.

"முத்துப்பேச்சி, இது சும்மா பேருக்குக் கட்டுன தாலிம்மா" என்று சோசியர் இதமாகச் சொன்னார்.

"எனக்குங்கூடப் பேருக்குத்தான் கட்டியிருக்கு. இருவது வருசமாச்சு. என்னையும் வெட்டிருவீகளா?"

தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரக் குளிப்பாட்டி இந்த வாசல் வழியா அனுப்பிட்டேன். மூணாவதா எங் கையால முடிச்சுப் போட்டு ஒருத்தியக் கூட்டியாந்திருக்கேன். முடிச்சுல மஞ்ச ஈரம் காயல, அதுக்குள்ள வெட்டணுமா? மாட்டேன்."

ஒச்சப்பன் கெஞ்சினான். "அக்கா, அது வெறும் வாழதான."

"ஒனக்கு அம்புட்டுப் பேருமே வாழதான்டா" என்றாள்.

அவள் தாருக்காக வெட்டவிடவில்லையா, தாலிக்காக வெட்டவிடவில்லையா என்று பிற்பாடு எங்கள் முடுக்கில் பெரிய விவாதமே நடந்தது. அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சோசியர் பஞ்சாங்கத்தை மூடி இடுக்கிக்கொண்டு கிளம்பினார். "பொண்டாட்டி உசுரோட இருக்கிறவனுக்கு இன்னொரு முகூர்த்தம் குறிக்க முடியாதப்பா. சட்டம் வேற வந்திருச்சு. நான் கம்பி எண்ணணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐப்பசிக் கல்யாணம் நின்றது.

பத்தாம் நாள், சொன்னபடி வாழை பூத் தள்ளியது. அவ்வளவுதான், முடுக்குப் பெண்கள் கூடிவிட்டார்கள். தாலி கட்டிப் பத்தே நாளில் மசக்கையா என்று ஒருத்தி கேட்க, குளித்து முழுகாமல் வந்தவள் போலிருக்கிறது என்று இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியை வெட்டினால் பாவம் என்று நிஜமாகவே முடிவு கட்டினார்கள். என் பெண்டாட்டி ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, நூலில் கோத்துத் தண்டில் கட்டினாள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வேளாங்கண்ணித் தண்ணீரை வேரில் தெளித்தாள். "நீ எதுக்குடி இதுல?" என்று கத்தினேன். "பொம்பளைக்குப் பொம்பளை" என்றாள். ஒரு வாழைக்காக என் வீட்டிலேயே எனக்கு மரியாதை போயிற்று.

அந்த வாரமே வேலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடவே கண்ணம்மாளும் வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது எங்கேயாவது உண்டா? வந்தாள். கறுப்பாக, உயரமாக, அப்பனைவிடப் பெரிய எட்டு வைத்து நடந்தாள்.

"எம் மக வாழைக்குச் சக்களத்தியா வாக்கப்படணுமா? வெட்டுறீகளா, இல்ல பேச்சு வார்த்தைய முறிச்சுக்கிருவமா?" என்று வேலுசாமி வாசலில் நின்றே கேட்டார்.

முத்துப்பேச்சியின் முகம் வெளிறிப்போயிருந்தது. தம்பிக்கு இன்னொரு இடம் அமையாது என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணம்மாள் யாரையும் பார்க்கவில்லை. கொல்லைக்குள் போய் வாழையைச் சுற்றி வந்தாள். தண்டைத் தட்டினாள். தாலியை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டாள். "கடைசிச் சீப்பு விரிஞ்சதும் பூவ ஒடிச்சு விட்ருங்க மதினி, இல்லேன்னா காய் பெருக்காது" என்றாள். அப்புறம் ஒச்சப்பன் பக்கம் திரும்பினாள்.

"மொத சம்சாரம் எந்த மாசம் தவறுனாக?"

ஒச்சப்பன் விழித்தான். "அது... மழ நாளு."

"ரெண்டாவது?"

அவன் அக்காளைப் பார்த்தான். "அக்காவுக்குத் தெரியும்."

எனக்கே முகம் கொடுத்து நிற்க முடியவில்லை. கண்ணம்மாள் கோபப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள். "தார் முத்த மூணு மாசம் ஆகும். நான் காத்திருக்கேன். இவளுக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும். மதினி ஊத்தப்படாது. சாக்கடைத் தண்ணியும் கணக்குல வராது. தார் வெட்டுறப்ப இது நல்லா இருந்தா நான் வாரேன். வாடிப்போயிருந்தா எங்கப்பாரு வேற எடம் பாக்கட்டும்" என்றாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா புள்ள?" என்று வேலுசாமி கேட்டார். அதற்குள் அவள் பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். முத்துப்பேச்சி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ வரணும் தம்பி. இவ இந்த வீட்டுக்கு வந்தே ஆகணும்" என்று என்னிடம் சொன்னாள். இனி வாழை ஒச்சப்பன் பாடு. அது செத்தால் கல்யாணமும் செத்தது.

மறுநாளிலிருந்து முதல் டிரிப்புக்கு முன்னால், காக்கிச் சட்டையோடு, தெருமுனைக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர். பெண்கள் வரிசையில் இவன் ஒருத்தன் குடத்தோடு நிற்பான். முதல் வாரம் எட்ட நின்று வீசி ஊற்றிவிட்டு ஓடினான். முத்துப்பேச்சி குடத்தைத் தொடவில்லை, வாயை மட்டும் விட்டாள். "பக்கத்துல போயி ஊத்துடா. கட்டுனவதான, கடிச்சா வைக்கப்போறா?" என்பாள். இரண்டாவது மாதம் ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவன் தனியாகப் பேசுவது கேட்டது. "நேத்து வடமதுரையில ஒருத்தன் மூணு கோழிக்கும் டிக்கெட் எடுக்க மாட்டேன்னு ஒரே ரவுசு..." நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பஸ்ஸில் நடந்ததை ஒன்று விடாமல் வாழையிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். உயிரோடிருந்த இரண்டு பேரிடமும் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. திடீரென்று, "அண்ணே, குளிச்சாச்சா? தண்ணி நின்னுருச்சே" என்று ஓட்டை வழியாக என்னை விரட்டினான். அக்காளுக்குத் தம்பி தப்பாமல் பிறந்திருந்தான்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. அன்று அய்யலூர்ச் சந்தை. சந்தையிலிருந்து ஆட்களையும் ஆடுகளையும் அடைத்துக்கொண்டு திரும்புகிற பஸ், பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. நேரே எங்கள் முடுக்கு வாயில் வந்து நின்று வழியை அடைத்தது. ஒச்சப்பன் விசிலை ஊதிக்கொண்டே குதித்தான். "எல்லாரும் எறங்குங்க! எம் பொண்டாட்டி சாயிறா!" என்று கத்தினான். பெண்பிள்ளைக்கு ஏதோ ஆபத்து என்று பத்துப் பன்னிரண்டு பேர் பின்னாலேயே ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால், தார் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்த வாழையை அவன் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். சிரிக்கவா முறைக்கவா என்று தெரியாமல் நின்றவர்களை முத்துப்பேச்சி அதட்டி, ஆளுக்கொரு சவுக்குக் கம்பைக் கொடுத்து முட்டுக் கொடுக்கவைத்தாள்.

ஆட்களைத் தொடர்ந்து ஆடுகளும் இறங்கி வந்துவிட்டன. முப்பது ஆடு இருக்கும். ஏலக்காயைத் தின்றன, காப்பிச் செடியைத் தின்றன, அன்னாசியை டின்னோடு உருட்டிக் கடித்தன. ஆறு வருஷமாக நாங்கள் குளித்து வளர்த்த மலை முழுவதும் கால் மணி நேரத்தில் தீர்ந்தது. எனக்கே பொறுக்காமல் விரட்டப் போனேன். "அதுக தின்னுட்டுப் போகட்டும் தம்பி! நீ வந்து இவளப் புடி!" என்று முத்துப்பேச்சி அலறினாள். மழையில் அவள் முகத்தில் வழிந்தது தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை, வாழையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாழை நின்றது. பஸ் முதலாளி ஒச்சப்பனை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார். அவன் கொடுத்த விளக்கக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'மனைவிக்குத் திடீரென்று முடியாமற்போனபடியால்' என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

தை பிறந்து பத்து நாளில் தார் முற்றியது. ஆறு சீப்பு. வெட்டி இறக்கி, மூட்டம் போட்டுப் பழுக்கவைத்தார்கள். சிறுமலைப் பழத்தின் வாசம் அதில் இருந்ததா என்றால், இருந்தது என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் லேசாகப் புகையிலை அடித்தது என்று ஒருமுறை சொல்லி, பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆள் அனுப்பிக் கண்ணம்மாளுக்குத் தகவல் போனது. அவள் வரச் சம்மதம் என்று பதில் வந்தது. தார் வெட்டிய வாழையை எப்படியும் வெட்டத்தான் வேண்டும், ஆகவே ஒரே காலையில் அதை வெட்டிவிட்டுக் கண்ணம்மாளுக்குத் தாலி கட்டிவிடலாம் என்று சோசியர் வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நேரம் குறித்தார். பத்தரைக்கு மேல் ராகுகாலம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நூறு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கொல்லையில் கூடியிருந்தோம். கூறைப்புடவையில் கண்ணம்மாள், பக்கத்தில் வேலுசாமி, நாயனம், தவில். முத்துப்பேச்சி அரிவாளைக் கழுவித் தம்பி கையில் கொடுத்தாள். அவன் ஓங்கினான், இறக்கினான். மறுபடி ஓங்கினான். "வெட்டுப்பா, நேரமாகுது" என்றார் சோசியர். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வெட்டு. வாழைத்தண்டுதானே, சத்தமில்லாமல் சாய்ந்தது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தண்ணீர் கொடகொடவென்று கொட்டி அவன் கால்மாட்டில் ஓடியது.

ஒச்சப்பன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து, பட்டுக்கரை வேட்டி சேறாக, வாழைத்தண்டைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான்.

"வீராயி தண்ணி கேட்டாக்கா" என்றான். "அன்னைக்குக் காலையில தண்ணி கேட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, அக்கா வந்து தருவான்னு சொல்லிட்டுப் போயிட்டேன்கா."

அப்புறம் வாய்விட்டு அழுதான். நான் கேட்டதில்லை அப்படி ஓர் அழுகையை. மாயா என்றான், வீராயி என்றான், கண் திறக்காமலே போன பிள்ளையைக் கூப்பிடப் பெயர் இல்லாமல் ஏலே, ஏலே என்றான். நாயனக்காரர் நாயனத்தைத் துணியில் சுற்றிவிட்டார். என் பெண்டாட்டி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சோசியர் மட்டும் இடுப்புக் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்து, "முகூர்த்தம் தாண்டுதே, யாராச்சும் அவனத் தூக்குங்கப்பா" என்று பதறினார்.

"யாரும் தொடாதீக" என்றாள் முத்துப்பேச்சி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "இப்பத்தான் எந் தம்பிக்குப் பொண்டாட்டி செத்திருக்கு. அழுது முடிக்கட்டும்."

வேலுசாமி மகளைப் பார்த்தார், போய்விடலாமா என்று. கண்ணம்மாள் அடுப்படிக்குப் போய் ஒரு மலைப்பழத்தை எடுத்துவந்து, கூறைப்புடவையைச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, உரித்துத் தின்றபடி காத்திருந்தாள். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. சோசியர் பஞ்சாங்கத்தோடு எழுந்து போயே போய்விட்டார். அவன் அழுகை தேம்பலாகி, தேம்பலும் ஓய்ந்தபோது ராகுகாலம் பாதி கடந்திருந்தது.

கண்ணம்மாள் எழுந்து போய், முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்பக் கட்டுங்க" என்றாள்.